குப்பைமேட்டில் மன்றம் கூட்டிய மேயரம்மா

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கட்சி பாராமல் இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் மாமன்ற உறுப்பினர்களே, மாநகராட்சி ஊழியர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் மேயரம்மாவின் கணவரே, மகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

இன்றைய மேயராக இங்கே நிற்கிறேன். ஆனால் அவர் மேயராக இருந்த காலம் முழுக்க நான் எதிர்க்கட்சித் தலைவன். அவர் ஆம் என்றால் நான் இல்லை என்பேன். எங்கள் இரண்டு பேர் சத்தம் தாங்காமல் மன்றத்து மைக்கே கெட்டுப்போயிருக்கிறது! இன்று எதிர்த்துப் பேச ஆளில்லாமல் நிற்கிறேனே, என்ன செய்வேன்?

அவர் தாய்சேய் நல மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். கிழக்குத் தெருவை ஒட்டிய குப்பைமேடு ஓயாமல் புகைந்துகொண்டிருந்த காலம் அது. அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு எப்போதும் மூச்சிரைப்பு. மருந்து கொடுத்து அனுப்புவார். பிள்ளை அதே புகைக்குத்தான் திரும்பிப் போகும். அந்த ஆத்திரம்தான் அவரைத் தேர்தலில் நிற்கவைத்தது.

மேயரானதும் மேட்டை அகற்றத் தீர்மானம் கொண்டுவந்தார். விட்டோமா? வேறு இடம் எங்கே, ஆள் எங்கே என்று கூட்டத்துக்குக் கூட்டம் தள்ளிவைத்தோம். அவர் கட்சிக்காரர்களையும் சேர்த்துத்தான்! ஒருநாள் அறிவிப்பு வந்தது: அடுத்த மன்றக் கூட்டம், குப்பைமேட்டை ஒட்டிய பள்ளிக்கூடத்தில்!

போனோம். மேசையெல்லாம் ஈ. கண் எரிகிறது. டீயை வாயருகே கொண்டுபோக முடியவில்லை. நான் எழுந்து, "இது நாடகம்! வெளிநடப்பு செய்கிறோம்!" என்று முழங்கிவிட்டு, எங்கள் ஆட்களோடு படியிறங்கினேன். வெளியே கரும்புகை. இருமிக்கொண்டே திரும்பி வந்தோம்.

அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்கண்ணே. நாம வெளிநடப்பு செஞ்சா வீட்டுக்குப் போயிடலாம். இங்க இருக்கிறவங்க எங்கே போவாங்க?"

உட்கார்ந்தோம். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. என் கையும் உயர்ந்தது.

ஆனால் அவருக்குக் கிடைத்தது என்ன? வீட்டுக்கு வீடு குப்பையைப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். "இந்தம்மாவுக்கு வேற வேலை இல்லையா?" என்று ஊரே முணுமுணுத்தது. பாதி மேடு கரைந்திருந்தபோது தேர்தல் வந்தது. அவர் தோற்றார். நான் ஜெயித்தேன்.

நான் பதவியேற்ற மறுநாளே என் அறைக்கு வந்தார். "அண்ணே, என்னைத் தோக்கடிச்சாச்சு, சரி. அந்த மேட்டை மட்டும் ஜெயிக்க விட்டுடாதீங்க" என்றார். அவ்வளவுதான். உட்காரக்கூட இல்லை.

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தேன். இதயம் ஓய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும், "மிச்சப் பாதி என்னாச்சுண்ணே?" என்றார்.

"இங்க வந்துமா குப்பை? பேசாம படு" என்று அதட்டினார், பஸ் ஓட்டுநரான அவர் கணவர். அதட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மெதுவா நடக்குதும்மா" என்றேன்.

"வேகமா நடக்கட்டும்ணே."

என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

நேற்று இறுதி ஊர்வலம் பெரிய சாலை வழியாகப் போக ஏற்பாடு. கிழக்குத் தெருப் பெண்கள் வண்டியை மறித்தார்கள். "ஒருதரம் எங்க தெரு வழியா கொண்டுவாங்கய்யா. உயிரோட வந்தப்பெல்லாம் புகையைத்தான் குடிச்சாங்க. இப்ப எங்க பக்கம் காத்து நல்லாயிருக்கு" என்று அழுதார்கள். காவலர்கள் தயங்கினார்கள். "திருப்புங்க" என்று சொன்னவர் அவர் கணவர்தான்.

தோழர்களே! மறுபாதி மேடு இன்னும் நிற்கிறது. அதன் பின்புறத் தெருவில் பிள்ளைகள் இன்னும் இருமுகிறார்கள். அடுத்த கூட்டத்தின் முதல் தீர்மானம் அதுதான். நான் முன்மொழிகிறேன், அவர் கட்சியினர் வழிமொழிய வேண்டுகிறேன். வேலை முடியும்வரை ஓயமாட்டேன், இது உறுதி. அதற்காக அடுத்த தேர்தலில் தோற்றால்?

தோற்கிறேன், தங்கச்சி. உன்னைப் போலத் தோற்பதற்கு எனக்கும் ஒரு கொடுப்பினை வேண்டாமா?