வைத்தியர் இல்லாத அணி

ஒரு நாட்டின் மீது விதிக்கப்படும் தடை எவரெவரைத் தனிமைப்படுத்துகிறது? கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில், முன் ஆசனத்தில் இருந்த இரண்டு எழுதுவினைஞர்கள் ஒன்லைன் விளையாட்டொன்றைப் பற்றிப் பேசியது என்னை இவ்வாறு கேட்க வைத்தது.

"யுத்தத்தால தடை போட்டதும் கேம் கம்பெனி ரஷ்யாக்காரங்கள நிப்பாட்டிருச்சு மச்சான். எங்க டீம்ல காயம் ஆத்துற வைத்தியரா வெளையாடுனவரும் ரஷ்யாக்காரரு, போயிட்டாரு."

"வேற ஆள சேருங்களேன்."

"இல்ல. அவரு எடத்த காலியா வச்சுதான் வெளையாடுறோம். கேம்ல தெனமும் சாகுறோம்."

"நல்ல கூத்துடா! அவரு பேரென்ன?"

"தெரியாது. கேம்ல வச்ச பேருதான் தெரியும். மூணு வருசமா மனசுவிட்டுப் பேசுனது அவருகிட்ட மட்டுந்தான்."

"அடப்பாவி, நான் பக்கத்து மேசையிலதானே இருக்கேன்!"

"நீ ஒரு நாளும் கேக்கலியே."

பாலத்தடியில் இருவரும் இறங்கிப் போனார்கள்.

தடைகளை நான் இன்றும் ஆதரிக்கிறேன். ஆயினும் மறுநாள் முதல், என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரோடு தேநீர் அருந்துகிறேன்.