கதவிடுக்கில் ஒட்டிய தாள்

உங்கள் மேஜையில் கிடக்கும் பதிவேட்டின் முதுகு பிரிந்துவிட்டது, இன்ஸ்பெக்டர் சார். அதில் செலோடேப் ஒட்டாதீர்கள், தாள் பாழாகிவிடும். நூலகத்தில் பழைய புத்தகங்களைச் செப்பனிடும் பிரிவில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் சொல்கிறேன்.

ஆவிகளை அழைக்கும் அந்த மந்திரக் கைநூல் செப்பனிட என்னிடம் வந்தபோது, என் மனைவி நுரையீரல் நோயில் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அவள் தலையணை உறையை நான் துவைக்கவே இல்லை.

எங்கள் தொழிலில் எழுத்தை நம்பமாட்டோம், தாளைத்தான் நம்புவோம். இறந்தவரை அழைக்கும் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முந்நூறு வருடத்துத் தாள், அதே காலத்து மை, பிற்பாடு யாரும் கைவைக்கவில்லை. அசல். அசல் என்றால் உண்மை என்று எடுத்துக்கொண்டேன். வேறு எதைப் பிடித்துக்கொள்வது, சொல்லுங்கள்.

அதில் இருந்த முறை இதுதான்: இறந்தவரின் ரத்த உறவு ஒருவர் அடைத்த அறையில் கரித்தணலோடு உட்கார வேண்டும். வெளியே நின்று இன்னொருவர் அந்தப் பக்கம் முழுவதையும் வாசிக்க வேண்டும். நடுவில் இறந்தவர் வந்து உள்ளிருந்து கதவைத் தட்டுவார். வாசித்து முடிக்குமுன் திறந்தால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார்.

என் மனைவியின் தங்கை ஞாயிறுதோறும் வந்து எனக்குச் சமைத்து வைப்பாள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தாள்.

"உங்க மனசு ஆறும்னா பத்து நிமிஷம் உக்கார்றேன், மாமா. அப்புறமாவது ஒழுங்கா சாப்பிடணும், சரியா?"

அவள் தணல் சட்டியோடு உள்ளே போனதும் வெளியே தாழ்ப்பாள் போட்டேன். மெல்லிய தாளையும் கோதுமைப் பசையையும் வைத்துக் கதவிடுக்கை ஒட்டினேன். ஒரு சுருக்கம் விழவில்லை.

பழைய எழுத்து, நிதானமாகத்தான் வாசிக்க முடிந்தது. அரை மணி நேரம் கழித்துக் கதவு தட்டும் சத்தம்.

"மூச்சு முட்டுது, மாமா. கதவைத் திறங்க."

என் மனைவி கடைசியாகச் சொன்னதும் மூச்சு முட்டுது என்றுதான். வந்துவிட்டாள் என்று அழுதேன், அதனால்தான் திறக்கவில்லை. பிறகு திறந்தபோது தங்கை அறைக் கதவருகே இறந்து கிடந்தாள். காலையில் உங்களிடம் இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு திருத்தம் இருக்கிறது.

என் மனைவி என்னை ஒருநாளும் மாமா என்று கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுவாள். தட்டுவது யார் என்று எனக்கு அப்போதே தெரியும். பக்கத்தில் இன்னும் நான்கு வரி பாக்கி இருந்தது. அதையும் வாசித்து முடித்துவிட்டுத்தான் திறந்தேன்.