சிவப்புத் துணி இல்லாத வீடு

இல்லை, சண்டைக்கு வரவில்லை. போன ஆண்டுப் பொருட்காட்சியில் இதே மேடைக்குக் கீழே நின்று, ஒலிபெருக்கியை மீறிக் கத்தியவள் நான்தான். தலைவர் அதை மறக்கவில்லை. மைக்கைக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. பயப்பட வேண்டாம், ஐயா. இன்று குரல் தாழ்ந்துதான் வரும்.

ஊரையே சுழல வைத்துவிட்டுத் தான் மட்டும் சுழலாமல் அமர்ந்திருக்கும் அவைத் தலைவர் அவர்களே; கால் கடுக்கக் காவல் நின்ற பெரியவர்களே; தூங்கிவிட்ட பிள்ளையைத் தோளிலும், தூங்க மறுக்கும் பிள்ளையைக் கையிலும் தாங்கி நிற்கும் தாய்மார்களே; பஞ்சுமிட்டாய் ஒட்டிய விரல்களோடு கைதட்டக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே; வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பதை இந்தக் கணம்வரை நினைவில் வைத்திருக்கும் அபூர்வமான தந்தையரே; திடலை ஒட்டிய தெருவில் வாழும் என் மக்களே. இந்த நிறைவு நாளில் எல்லோருக்கும் என் அன்பான மாலை வணக்கம்.

எங்கள் தெருவைத் தெரியாதவர்கள் இங்கே இருக்க முடியாது. உங்களில் பாதிப் பேர் அதில் வண்டி நிறுத்தியவர்கள். சிரியுங்கள். சிரிக்காதவர்கள்தான் அந்தப் பாதி.

குறுகலான தெரு. ஒரு கார் நின்றால் அடுத்த கார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். ஒரு முனை இந்தத் திடலின் மதிலில் முட்டி நிற்கிறது. உள்ளே வந்தது வந்த வழியேதான் திரும்ப வேண்டும். பொருட்காட்சி தொடங்கினால் என்ன ஆகும்? வாசலில் கார். வாசற்படியில் ஸ்கூட்டர். சாக்கடை மூடியின் மேல் வேன். ஏன் என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்.

"அஞ்சே நிமிஷங்க."

அந்த அஞ்சு நிமிஷம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியுமா? எங்களுக்குத் தெரியும். ராட்டினத்தில் ஏறி இறங்கி, பேய் வீட்டில் அலறி முடித்து, வளையம் எறிந்து தோற்று, தோற்றதற்காகப் பிள்ளை அழுது, அழுத பிள்ளைக்கு ஐஸ்கிரீம் வாங்கி, அந்த ஐஸ்கிரீம் சட்டையில் வழிந்து, அதைக் கழுவக் குழாய் தேடி அலையும் வரைக்கும் நீளம்.

அந்தத் தெருவில் பச்சைக் கதவு போட்ட ஒரு வீடு. அதில் அம்மாவும் நானும். அம்மாவின் சிறுநீரகங்கள் ஓய்ந்துவிட்டன. வாரத்தில் மூன்று மாலை மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஓர் இயந்திரம் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்து திருப்பித் தரும். நேரத்துக்குப் போகாவிட்டால் படுக்கை அடுத்தவருக்கு. அது நியாயம்தான், அடுத்தவரும் அதே நோயோடுதான் காத்திருக்கிறார். ஆனால் போகாத உடம்பில் தண்ணீர் தங்கிவிடும். முதலில் கணுக்காலில். பிறகு நெஞ்சில்.

எங்கள் வீட்டில் தாகம்கூட அளவோடுதான். ஒரு சின்ன டம்ளர். அது தீர்ந்தால் நாக்கில் ஒரு துண்டு ஐஸ்.

போன ஆண்டு ஒரு மாலை. மருத்துவமனைக்குக் கிளம்பிக் கதவைத் திறக்கிறோம். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளைக் கார். அன்றுதான் நான் இங்கே ஓடி வந்து கத்தினேன். "வெள்ளைக் காரின் உரிமையாளர் எங்கிருந்தாலும் உடனே வரவும்" என்று இந்த மேடையிலிருந்து திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எங்கிருந்தார் அவர்? ராட்டினத்தின் உச்சியில். இறங்கி வந்தார். நல்ல மனிதர். கையில் பலூன்.

"மேல இருந்து பாத்தா எங்க கார் தெரிஞ்சுதுங்க. பத்திரமா நிக்குதேன்னு நிம்மதியா இருந்துச்சு" என்றார்.

அவர் நிம்மதியாகத்தான் இருந்தார். எங்கள் படுக்கை போய்விட்டது. விடியும்வரை அம்மா படுக்கவில்லை. படுத்தால் மூச்சு முட்டும். தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, ஒவ்வொரு மூச்சாகத் தேடி எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பயம் சத்தம் போடும் என்று அதுவரை நினைத்திருந்தேன். ஒரு மூச்சு முடிந்து அடுத்தது தொடங்குமுன் ஓர் இடைவெளி வருகிறதே, அதற்குள் அது சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது.

மறுநாள் எங்கள் தெரு கூடியது. பொருட்காட்சியை ஊருக்கு வெளியே அனுப்பு என்று நகராட்சிக்கு ஒரு மனு. முதல் கையெழுத்து என்னுடையது. அம்மா போடவில்லை.

"ஏண்டி, அந்த ராட்டினத்த எதுக்குத் துரத்துற? அது பாட்டுக்குச் சுத்துது. மாடியில உக்காந்தா எனக்குப் பாக்க இருக்குறது அந்த வெளக்கு ஒண்ணுதான். காரத் துரத்து."

காரைத் துரத்து. அந்த இரண்டு சொற்களிலிருந்துதான், அவையோரே, இந்த ஆண்டின் ஏற்பாடு எல்லாம் பிறந்தது. ராட்டினக்காரர்களும் தெருக்காரர்களும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். ஒரு வாய்ப்புக் கொடுங்கள் என்றார் பொருட்காட்சியை நடத்தும் நம் தலைவர். மனு என் மேசை இழுப்பறையில் காத்திருக்கட்டும் என்று முடிவானது.

காரில் வருகிறவரா? காய்கறிச் சந்தைக்குப் போங்கள். காலையில் லாரிகள் கலைந்த பிறகு காலியாகக் கிடக்கும் கடல் போன்ற வளாகம் அது. சைக்கிளில் வருகிறவரா? நூலகத்து முற்றம் உங்களுக்கு. ரயிலில் வருகிறவரா? கால்வாய்க் கரையில் விளக்குப் போட்டிருக்கிறோம், காலாற நடந்து வாருங்கள். சந்தையில் வண்டியை விட்டவர்களை யார் சுமந்து வருவது? பள்ளிப் பேருந்துகள். மாலையில் அவற்றுக்கு என்ன வேலை? பள்ளிக்கூடத்தில் கேட்டோம், கொடுத்தார்கள். பேருந்தோடு ஓட்டுநரையும் கொடுத்தார்கள். அதுதான் கொஞ்சம் சிக்கல். பல வருடமாகப் பிள்ளைகளை ஏற்றிப் பழகிய மனிதர்.

"கைய வெளிய நீட்டாதீங்க. யாரு அது பின்னால எந்திரிச்சு நிக்கிறது? உக்காருங்க. உக்காந்தாதான் வண்டி எடுப்பேன்."

வங்கி மேலாளர் ஒருவர் உட்கார்ந்தார். பின் வரிசையில் கை தூக்குகிறார், பாருங்கள். நன்றி, ஐயா. நீங்கள் உட்கார்ந்ததால்தான் பேருந்து கிளம்பியது.

சரி, தெருவுக்கு என்ன காவல்? தெருமுனையில் ஒரு கயிறு. கயிற்றுக்கு ஓர் ஆள். எங்கள் தையல்காரர் மாமா. முன் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறாரே, அவர்தான். நிமிருங்கள், மாமா. நல்லதாகத்தான் சொல்லப் போகிறேன்.

கயிற்றுக்கு முன்னால் வந்து நிற்பவர்கள் எத்தனை கதை சொல்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். உள்ளே அத்தை வீடு. உள்ளே மருந்து கொடுக்க வேண்டும். உள்ளே கேஸ் அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டேன். ஆகவே கதையே கேட்பதில்லை என்று தீர்மானித்தோம். தெருவில் யார் யாருக்குச் சொந்த வண்டி உண்டோ, அத்தனை வண்டிக்கும் சிவப்புத் துணி. மாமாவே வெட்டி, ஓரம் அடித்து, வீடு வீடாகக் கொடுத்தார். பக்கக் கண்ணாடியில் துணி கட்டிய வண்டி உள்ளே. கட்டாத வண்டி, அது யார் வண்டியானாலும், சந்தைக்கு.

எவ்வளவு அழகான திட்டம். எத்தனை பேர் கூடி யோசித்த திட்டம். அதில் இருந்த ஓட்டை எங்களில் ஒருவர் கண்ணிலாவது பட்டதா?

எங்கள் வீட்டுக்குச் சொந்த வண்டி கிடையாது.

அம்மாவை அழைத்துப் போவது வாடகைக் கார். யாருக்காகக் கயிறு கட்டினோமோ, அந்த வீட்டுக்கு மட்டும் துணி இல்லை. துணி கொடுத்தவருக்கும் தோன்றவில்லை. துணி வாங்காத எனக்கும் தோன்றவில்லை.

தொடக்க நாள் மாலை. கதவைத் திறக்கிறேன். தெரு காலி. இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெறும் தரை. நான் பிறந்ததிலிருந்து பொருட்காட்சி நாளில் அந்தத் தரையைப் பார்த்ததில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். வெற்றி என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் காரும் இல்லை.

கைபேசி அடித்தது. வாடகைக் கார் ஓட்டும் தம்பி.

"அக்கா, கயித்துக்கிட்ட ஒருத்தர் என்னைத் திருப்பி விட்டுட்டாரு. அங்க வண்டியத் திருப்ப வழியில்லக்கா. போலீஸ் நிக்க விடல. தள்ளிக்கிட்டே போய், சுத்தித் திரும்பி வர்றப்ப பாலத்து மேல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். முன்னாலயும் வண்டி, பின்னாலயும் வண்டி."

அம்மாவின் கணுக்காலைப் பார்த்தேன். காலையிலேயே வீங்கியிருந்தது. மெல்ல நடத்தித் தெருமுனைக்குக் கூட்டிப் போனேன். மாமா எங்களைப் பார்த்ததும் பெருமையோடு கையை விரித்தார்.

"பாத்தீங்களாக்கா தெருவ? ஒரு ஈ நுழையல. இப்பகூட ஒருத்தன் வந்தான். அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணுமாம். மூஞ்சியப் பாத்தா நெஜமாட்டமே இருந்துச்சு. நான் விடுவேனா?"

"அது நம்ம கார்தாம்ப்பா" என்றார் அம்மா.

மாமாவின் கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டார். பிறகு கயிற்றை விட்டுவிட்டு நேராகச் சாலையின் நடுவில் போய் நின்றார். திடலில் ஆட்களை இறக்கிவிட்டுச் சந்தைக்குத் திரும்பும் பேருந்து வந்துகொண்டிருந்தது. வெறும் பேருந்து. மாமா நகரவில்லை. பேருந்துதான் நின்றது.

"நடுவுல எங்கயும் நிறுத்தக் கூடாதுன்னு ஆர்டருங்க" என்றார் ஓட்டுநர்.

"ஆர்டர் போட்டவங்கள்ல ஒருத்தன்தான்யா சொல்றேன், கதவத் தொற."

"சந்தைக்குத்தான் போவுது. அம்மா எங்க போவணும்?"

"ஆஸ்பத்திரிக்கு" என்றேன்.

"சந்தைக்குப் பின்வாசல் எதிரதான ஆஸ்பத்திரி. இதுக்கா இவ்வளவு நேரம் பேசிட்டு நிக்கிறீங்க? ஏத்துங்க."

சந்தைக்கு எதிரேதான் மருத்துவமனை. வரைபடத்தை விரித்துவைத்து இந்த ஏற்பாட்டையே போட்டவர்கள் நாங்கள். காரில் போகும் நோயாளி, பேருந்தில் போகும் வேடிக்கை என்று இரண்டையும் வேறு வேறு தாளில் வைத்து யோசித்திருக்கிறோம்.

பள்ளிப் பேருந்தின் படி தாழ்வானது. சின்னக் கால்களுக்காகச் செய்தது. அம்மா சிரமமில்லாமல் ஏறினார். குழந்தைகள் உட்காரும் இருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்.

"முன்னால இருக்குற கம்பியப் புடிச்சுக்கங்க. கைய வெளிய நீட்டாதீங்கம்மா."

"நீட்டலப்பா, நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

எதிர்ப்பக்கம் முழுவதும் திடலை நோக்கி ஊர்ந்துவரும் கூட்டம். எங்கள் பக்கம் யாரும் இல்லை. மாலை நேரத்தில் திடலை விட்டு வெளியே போகிறவர் யார்? நாங்கள்தான். சாலை எங்களுக்கே எங்களுக்கு. பாலத்தைக் கடக்கும்போது நெரிசலில் சிக்கி நின்ற தம்பியின் காரைப் பார்த்தோம். அம்மா கம்பியை விட்டுவிட்டு ஜன்னல் வழியாகக் கையாட்டினார். "கைய உள்ள எடுங்க" என்று முன்னாலிருந்து குரல் வந்தது.

படுக்கை காத்திருந்தது. வெள்ளை விரிப்பு சுருக்கம் கலையாமல் இருந்தது. செவிலியர் நிமிர்ந்து பார்த்து, "என்னம்மா, இன்னைக்கு இவ்வளவு சீக்கிரம்?" என்றார். ஊசி ஏறியது. குழாயில் சிவப்பு நகர்ந்தது. நான் வெளியே வந்து சுவரில் சாய்ந்தேன். என் தோள்கள் இறங்கின. போன ஆண்டிலிருந்து அவற்றைத் தூக்கி வைத்துக்கொண்டே திரிந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் மாமா பச்சைக் கதவைத் தட்டினார். கையில் ஒரு சிவப்புத் துணி. எங்கே கட்டுவது? எங்களிடம் கண்ணாடி இல்லையே. அம்மா மருத்துவமனைக்கு எடுத்துப் போகும் பையின் கைப்பிடியில் கட்டினார்.

"இது உங்களுக்குக்கா. நீங்க எதுல வந்தாலும், எதுல போனாலும் இது செல்லும்."

அதன்பிறகு கார் வேண்டாம் என்றுவிட்டார் அம்மா. தம்பி கோபித்துக்கொள்ளக் கூடாது. பேருந்தில் ஜன்னல் பெரியதாம். பொருட்காட்சி நடந்த நாளெல்லாம் சிகிச்சைக்கு அதில்தான் போனார். ஒரு மாலைகூடப் படுக்கை தவறவில்லை. தெருமுனையில் நின்று அவரை ஏற்றிப் போவதையே ஆர்டராக மாற்றி எழுதிவிட்டார் தலைவர்.

அன்பானவர்களே, நான் கேட்கிறேன். சாலை யாருக்கு? பெட்ரோல் குடிக்கும் பெட்டிக்கா, அதற்குள் இருக்கும் ஆளுக்கா? வாசல் யாருக்கு? அதை மறித்து நிற்கும் சக்கரத்துக்கா, அதைத் தாண்டிப் போக வேண்டிய காலுக்கா? நாங்கள் வண்டிகளை எண்ணித் துணி வெட்டினோம். மாமா மனிதரைப் பார்த்து இன்னொன்று வெட்டினார். அந்த ஒரு துணி போதும். ஒரு காரைச் சந்தையில் விட்டு நீங்கள் பேருந்தில் வந்த தூரம், ஒரு படுக்கையை நோக்கி ஒரு தாய் கடந்த தூரம். அது தெரியாமலே வந்தீர்கள். தெரியாமல் செய்த உதவிக்குத் தெரிந்தே நன்றி சொல்லத்தான் இந்த மேடையில் ஏறினேன்.

இன்னொன்றும் சொல்லத்தான் ஏறினேன். நேற்று எங்கள் தெரு மறுபடி கூடியது. அந்த மனுவைக் கிழித்துவிட்டோம். ராட்டினம் எங்கும் போக வேண்டாம். அடுத்த ஆண்டும் இந்தத் திடலில், எங்கள் மாடிக்கு எதிரே, அது சுழலட்டும்.

தலைவரே, உட்காருங்கள். நாற்காலி விழுகிறது.

அம்மா எங்கே என்று யாரோ கேட்கிறீர்கள். இன்றைக்கும் முறை உண்டு. படுக்கையில் இருக்கிறார். கைதட்டுவதை அந்தப் பக்கம் பார்த்துத் தட்டுங்கள்.

கயிறு பிடித்த கைகளுக்கு நன்றி. கதவு திறந்த ஓட்டுநருக்கு நன்றி. தள்ளி நிறுத்திய உங்கள் ஒவ்வொருவருக்கும் நன்றி. வீடு திரும்பும் வழியில் கையை வெளியே நீட்டாதீர்கள். வணக்கம்.

மைக்கைத் தலைவரிடம் கொடுத்துவிட்டுப் பின்படி வழியாக இறங்கினேன். பையில் கம்பளிப் போர்வை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். சிகிச்சை முடிந்ததும் அம்மாவுக்குக் குளிரும். திடல் வாசலில் நின்ற பள்ளிப் பேருந்தில் ஏறி, முன் இருக்கையில் உட்கார்ந்தேன்.