நான் மாற்றிச் சொன்ன கேள்வி

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய அனந்தலக்ஷ்மி அம்மையார் அவர்களே, தில்லி துவாரகாவின் தமிழ்ப் பெரியோர்களே, மெட்ரோவில் நின்றபடியே வந்து இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தமிழ் பாதி புரிந்தாலும் முழுதாய்க் கேட்கும் பிள்ளைகளே, வணக்கம்.

உடன்படிக்கை பற்றிப் பேசப் பணித்தீர்கள். நான் சட்டம் படித்தவன் அல்லன், அரசாங்க மொழிபெயர்ப்பாளன். ஆகவே என் பிழையைப் பேசுகிறேன்.

சென்ற ஆண்டு, லோதி ரோடு பக்கம் ஓர் அலுவலகம். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் பழங்குடி மக்களுக்கும் அரசுக்கும் உடன்படிக்கை காணும் பேச்சு. காடு யாருடையது? காவல் யாருடையது? அங்கே எதை வெட்டலாம், எதைக் கட்டலாம் என்று முடிவுசெய்யும் குரல் யாருடையது? மலைமக்கள் சார்பில் ரங்கி அம்மாள். எதிரே தமிழறியாத, இந்தி பேசும் உயரதிகாரி. நடுவே நான்.

"நீங்கள் வாழும் நிலத்தை அரசு உங்களுக்கு அளிக்கும்" என்றார் அதிகாரி. அதை அம்மாளிடம் சொன்னேன்.

அவர் நிதானமாகக் கேட்டார்: "எங்க மலைய எங்களுக்கே குடுக்க நீங்க யாருங்க?"

பேச்சு முறிந்துவிடுமோ என்று பயந்தேன். "அரசின் அக்கறைக்கு நன்றி என்கிறார்" என்று மாற்றிச் சொன்னேன். அதிகாரி "அச்சா, அச்சா" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பை ரங்கி அம்மாள் பார்த்துவிட்டார்.

"நான் கேட்டதுக்கு ஏன் சிரிக்கிறாரு? நீங்க என்ன சொன்னீங்க?"

"கொஞ்சம் மரியாதையா சொன்னேன்மா."

"நானும் மரியாதையாத்தான் கேட்டேன். கேள்வியவே மாத்திட்டா அவரு எப்படிங்க பதில் சொல்லுவாரு?"

உண்மையைச் சொன்னால் வேலை போய்விடுமே என்கிறீர்கள், முன்வரிசையில் ஒருவர். அந்த அச்சமும் இருந்தது ஐயா. ஆனாலும் எழுந்து நின்றேன். உள்ளதை உள்ளபடி சொன்னேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் பேசியதையும் மாற்றினீர்களா?"

மாற்றியிருந்தேன். 'இவர்களுக்குச் சட்டம் எங்கே புரியும்' என்று காலையில் அவர் சொன்னதை விழுங்கியிருந்தேன். அதையும் ரங்கி அம்மாளிடம் சொன்னேன். அவர் முகம் இறுகியது.

"அப்ப, இன்னும் பேச்சே ஆரம்பிக்கலீங்க" என்றார்.

அதை அப்படியே சொன்னேன். அதிகாரி தலைகுனிந்தார். "காலையில் சொன்னது தவறு. முதலிலிருந்து பேசுவோம்" என்றார். இந்த முறை ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன். மூன்றாம் நாள், 'அரசு அளிக்கிறது' என்ற வரியை அவரே தம் பேனாவால் அடித்து, 'அவர்களுடையது என அரசு ஏற்கிறது' என்று எழுதினார்.

உடன்படிக்கை முடிந்ததா? இல்லை. இன்னும் பதினொரு பிரிவுகளில் இழுபறி. அடுத்த அமர்வு அவர்கள் மலையிலேயே நடக்கிறது, நானும் போகிறேன்.

அன்பர்களே, எளியவர் கேள்வியை இனிப்பாக்குவது அன்பா? வலியவர் வார்த்தையை வழவழப்பாக்குவது அமைதியா? கசப்பைக் கசப்பாகவே கேட்கத் துணிந்த இருவர்தாம் கையெழுத்திடத் தகுந்தவர்கள்.

இதைப் பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி கூறி, கைகூப்பி அமர்கிறேன். வணக்கம்.