இடுப்பளவு

என் பெயர் இளவேனில், வயது 27, த/பெ. சிதம்பரநாதன், பட்டினச்சேரி, திருமலைராயன்பட்டினம். தனியார் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. என்னை யாரும் அழைக்கவில்லை. நானாக வந்து சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கம் ஆறு கடலில் சேரும் இடத்தில் மணல்திட்டு அடிக்கடி இடம் மாறும். நீர் வற்றும் நேரத்தில் என் தந்தை ஆற்றில் இறங்கி, தண்ணீர் இடுப்பைத் தொடும் இடத்தில் சிவப்புத் துணி கட்டிய மூங்கில் ஒன்றை நடுவார். ஃபைபர் படகுகள் அதை ஒட்டியே உள்ளே வரும். 22.02.2025 சனிக்கிழமை அவர் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தார். பள்ளி விடுமுறை என்பதால் நான் அவரிடம் கேட்காமல் மூங்கிலை எடுத்துப்போய், என் இடுப்பளவு பார்த்து நானே நட்டேன். கரையில் வலை உதறிக்கொண்டிருந்த அஷ்வின், "என்ன டீச்சர், ஆத்துக்கும் பாடம் எடுக்க வந்துட்டீங்களா?" என்றார். "நீங்க ஃபெயிலாவாம பாத்துக்குங்க" என்றேன். நான் என் தந்தையைவிட ஒரு தலை குள்ளம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு அஷ்வின் ஓட்டிவந்த படகு அந்த மூங்கிலை ஒட்டித் திரும்பியபோது என்ஜின் விசிறி மணலில் சிக்கி நின்றது. அதன் பிறகு பின்னால் வந்த அலை படகைக் கவிழ்த்தது. அதில் இருந்த நூகு என்பவரின் இடது கால் படகின் அடியில் மாட்டி உடைந்தது. இதைக் கரையிலிருந்து நேரில் பார்த்தேன். அதன் பிறகு காய்ச்சலோடு ஓடிவந்த என் தந்தை மூங்கில் அருகே போய் நின்றார். தண்ணீர் அவருக்குத் தொடைவரைதான் இருந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்காமல் மூங்கிலைப் பிடுங்கி, ஆழம் பார்த்துத் தள்ளி நட்டார்.

அன்று மாலை, அலட்சியமாகப் படகு ஓட்டியதாக அஷ்வினைக் காவலர்கள் அழைத்துச் சென்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, "பொம்பளப்புள்ள ஆத்துல எறங்குனத வெளிய வேற சொல்லணுமா? பேசாம இரும்மா" என்றார்கள். என் தந்தை, "நட்டது நான்னு சொல்லிடுறேன். நீ வேலைக்குப் போறவ" என்றார். நான் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை. இன்று முதலில் மருத்துவமனைக்குப் போய் நூகுவிடம் சொன்னேன். அவர், "எங்கிட்ட சொல்லி என்னம்மா? அங்க போயி சொல்லு. அந்தப் புள்ளய விடச் சொல்லு" என்றார். அங்கிருந்து நேராக இங்கே வந்தேன்.

நான் சொன்னதை எழுதிய அதிகாரி எனக்குப் படித்துக் காட்டினார். "தந்தை சொன்னதன்பேரில் நட்டேன்" என்று ஓரிடத்தில் இருந்தது. முதல் இரண்டு சொற்களையும் அடித்துவிட்டு "நானே நட்டேன்" என்று வரும்படி எழுதச் சொன்னேன். அடித்த இடத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, எல்லாம் உண்மை.

(ஒப்பம்)
சி. இளவேனில்
25.02.2025