நூல் கட்டிய டம்ளர்

ஜலதோஷம் பிடித்தவனுக்கு மூக்கைவிடப் பொழுதுதான் பெரிய தொந்தரவு, மாப்பிள்ளை. காய்ச்சல் என்றால் போர்த்திக்கொண்டு தூங்கிவிடலாம். இது தூங்கவும் விடாது, எழுந்து நடமாடவும் விடாது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். கண்ணில் நீர் வடிந்துகொண்டிருந்தால் அந்த வேலை ஓடாது. முதலாளி என் மூஞ்சியைப் பார்த்ததுமே வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்.

நீங்கள் கேட்டது என் தங்கையைப் பற்றி. அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவளுக்கு எப்படித் தொற்றியது என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் அவர் குடிக்கும் டம்ளரில் நூல் கட்டிவிடுவோம். டம்ளர்கள் எல்லாம் ஒரே மாதிரி, நூல் இல்லாவிட்டால் எது யாருடையது என்று தெரியாது. அம்மா உயிரோடு இருந்தபோது ஆரம்பித்து வைத்தது. என் சிறுநீரகம் ஒன்றை எடுத்துத் தங்கைக்கு வைத்த பிறகு அது பழக்கம் என்பது போய்ச் சட்டமாகிவிட்டது. அந்தச் சிறுநீரகத்தை அவள் உடம்பு தள்ளிவிடாமல் இருக்க தினமும் மாத்திரை சாப்பிட்டாள். அந்த மாத்திரை நோயை எதிர்க்கிற சக்தியையும் சேர்த்துக் குறைத்துவிடும். உங்களுக்கு வந்தால் வெறும் சளி, அவளுக்கு வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் என்னை எதிரில் உட்காரவைத்துச் சொன்னார். நன்றாக நினைவிருக்கிறது.

அதனால் நான் அறைக்குள் அடைந்து கிடந்தேன். அவள் சாப்பாட்டை வாசலில் ஸ்டூலின் மேல் வைத்துவிட்டு, கதவைத் தட்டிவிட்டு, தள்ளிப் போய்விடுவாள். காலடிச் சத்தம் அடங்கிய பிறகுதான் நான் திறக்க வேண்டும். பொழுது போக என்னென்னவோ செய்தேன். பழைய பேப்பரில் குறுக்கெழுத்துப் போட்டேன். சீட்டைக் கலைத்து இரண்டு பேருக்குப் போட்டு, அவள் சீட்டையும் நானே ஆடி, அவளையே ஜெயிக்கவும் வைத்தேன். அலுத்துப்போனால் சுவரோடு காதை வைத்துப் படுத்துக்கொள்வேன். பக்கத்து அறையில் அவள் உங்களோடு போனில் பேசிக்கொண்டிருப்பாள். நீங்கள் என்ன சொன்னீர்களோ, விழுந்து விழுந்து சிரித்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகிவிட்டது. கோபம் இல்லை. தாங்க முடியாத தனிமையாக இருந்தது. அவள் கல்யாணமாகி உங்கள் ஊருக்கு வந்துவிட்டால் எனக்கு இதுதான் கதி என்று அங்கே படுத்தபடி யோசித்தேன். கதவைத் தட்டக்கூட ஆள் இருக்காது.

ஆபரேஷன் முடிந்த சமயம் ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். சொன்னால் நம்பமாட்டீர்கள், என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் அவைதான். தையல் பிரிந்துவிடும் என்று நர்ஸ் திட்டத் திட்ட எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அப்போது அவளுக்கு என்னைத் தவிர வேறு யாரும் தேவைப்படவில்லை.

அவளுக்கும் ஜலதோஷம் வந்துவிட்டால் கதவை மூடிவைக்க வேண்டியதில்லையே என்று தோன்றியது. யோசித்துப் பாருங்கள், அதில் ஒரு நியாயம் இருக்கிறது.

அவள் குளிக்கப் போயிருந்தபோது சமையலறைக்குப் போனேன். நான் குடித்துவிட்டு வைத்த டம்ளரிலிருந்து நூலை அவிழ்த்து அவளுடையதில் கட்டினேன். என்னுடையதைக் கழுவவில்லை, அவள் டம்ளர் இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்தேன். லென்ஸ் தேய்த்துப் பழகிய கை, சத்தமே வரவில்லை. அறைக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“அண்ணா, நூல் முடிச்சு வேற மாதிரி இருக்கே. நீ கட்டினியா?”

அவிழ்ந்து விழுந்தது, திரும்பக் கட்டினேன் என்றேன்.

“அப்ப நூல் இல்லாதது என்னோடதுதானே?”

“உன்னோடதுதாம்மா. குடி.”

அவள் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது.

நினைத்தபடியே நடந்தது. அவளுக்குத் தும்மல் ஆரம்பித்ததும் கதவைத் திறந்துவிட்டோம். கூடத்தில் ஒரே போர்வையைக் காலில் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சீட்டாடினோம். உங்கள் போன் வந்தபோது தொண்டை கட்டியிருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள். டாக்டரிடம் போகச் சொன்னீர்களாம். போகலாமா என்று என்னைத்தான் கேட்டாள். நாளைக்குப் பார்க்கலாம் என்றேன். மறுநாளும் அதையே சொன்னேன். ஆட்டம் பாதியில் இருந்தது.

மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாயில் குழாய் வைப்பதற்கு முன்னால் என்னைக் குனியச் சொன்னாள்.

“நூல் விஷயத்த யாருகிட்டயும் சொல்லாதண்ணா. காய்ச்சல் மயக்கத்துல மாத்திக் கட்டியிருப்ப. எல்லாரும் உன்னத்தான் திட்டுவாங்க.”

சரி என்றேன். அந்த நிலைமையிலும் என்னைப் பற்றித்தான் கவலைப்பட்டிருக்கிறாள், பாருங்கள். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

ஆனால் நீங்கள் கேட்கிறீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. எனக்குக் காய்ச்சலும் இல்லை, மயக்கமும் இல்லை. தெரிந்துதான் மாற்றினேன். டாக்டர் சொன்னது அப்போதும் நினைவில் இருந்தது. கொடுத்த சிறுநீரகத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை, மாப்பிள்ளை. அவளோடு ஒரு வாரம் கேட்டேன், அவ்வளவுதான். நீங்கள் எங்கே போய்ச் சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், நான் மறுக்கப்போவதில்லை. அதற்காக இப்படிச் சட்டென்று எழுந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்காருங்கள். அவள்மேல் உயிரையே வைத்திருந்தவர்கள் என்று இனி இந்த உலகத்தில் நாம் இரண்டு பேர்தானே இருக்கிறோம்.