துண்டுக்குள் கை

— போதும்டா ஆர்வி. கல்லு மேல இன்னொரு கரண்டி தண்ணி ஊத்தினா, புத்துநோய்க்கு மிச்சம் வைக்காம நான் இங்கயே வெந்துடுவேன்.

— சவுனாவுல, இந்த ஆவி ரூமுல, நாம சேந்து உக்காந்து ஏழு வருசமாச்சுண்ணா.

— நான் என் கலங்கரை விளக்குத் தீவை விட்டு நகர மாட்டேன். நீயோ படகைப் பாத்தாலே வாந்தி எடுப்ப. ஆஸ்பத்திரி புண்ணியத்துல இப்பவாச்சும் உன் வீட்டுக்கு வந்தேனே!

— அண்ணா... மாத்திரை ஆராய்ச்சிக்காரங்க கடுதாசி போட்டிருக்காங்க.

— நம்மள மாதிரி சிகரெட்டு குடிக்கிற கிழவனுங்களுக்குப் புத்து வராம இருக்கன்னு ஏழு வருசமா குடுத்தாங்களே, அவங்களா? என்னவாம்?

— பாதிப் பேருக்கு நெஜ மாத்திரை, பாதிப் பேருக்கு வெறும் மாவுன்னாங்கல்ல? நெஜத்தைத் தின்னவங்களுக்குத்தான் நுரையீரல் புத்து அதிகமா வந்திருக்காம்.

— அட போடா. வேலியே பயிரை மேஞ்சுதாக்கும்.

— சிரிக்காதேண்ணா. நம்ம ரெண்டு பேர் டப்பாவையும் நான்தானே இங்க கோட்கா ஊருல வாங்கி, உன்னுதைத் தபால் படகுல அனுப்புவேன்?

— ஆமா.

— மொத டப்பா முடியறப்பவே என் உள்ளங்கை மஞ்சளாயிடுச்சு. நெஜ மாத்திரை தின்னா அப்படித்தான் ஆகும்னாங்க. உனக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். வெள்ளையாத்தான் இருக்குன்ன.

— சொல்லியிருப்பேன்.

— அதுலேருந்து ஒவ்வொரு தடவையும் மாத்தி அனுப்பினேன். உன் டப்பாவுல என் மாத்திரை. என் டப்பாவுல உன் மாவு.

— ஏன்டா?

— உனக்கு நாலு புள்ளைங்க. எனக்கு யாரு இருக்கா? அப்பா யுத்தத்துல செத்தப்ப, உன் பங்கு கறுப்பு ரொட்டியையும் எனக்கே குடுத்துட்டு, பசிக்கலைடான்னு சொல்லுவியே. ஒரு தடவையாச்சும் நல்லதை உனக்குக் குடுக்கணும்னு நெனச்சேன். கடைசியில நானே உன்னைக் கொன்னுட்டேண்ணா.

— லூசு. அழாதடா. அதுல ஒண்ணைக்கூட நான் முழுங்கல. அத்தனையும் கடல்ல கொட்டினேன்.

— நெஜமாவா?

— நெஜமா. புத்து வந்திருந்தா மீனுக்குத்தான் வந்திருக்கும். எனக்கு வந்தது சிகரெட்டால.

— அப்ப உள்ளங்கையைக் காட்டு.

— எதுக்கு?

— உள்ள வந்ததுலேருந்து கையைத் துண்டுக்குள்ளயே சுருட்டி வச்சிருக்க. காட்டுண்ணா.

— குளிருதுடா ஆர்வி. கல்லு மேல இன்னும் கொஞ்சம் தண்ணி ஊத்து.